நெல்லையில் இருந்து ஒரு வலைப்பதிவு: நேரடி வருமானம், தொடர் வருமானம், இரண்டுக்கும் முழுமையான வழிகாட்டி

தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவருக்குக் கார், பிசானம் என்று ஆண்டுக்கு இரண்டு நெல் பருவங்கள் உண்டு. உழுது, நட்டு, அறுத்தால்தான் அந்தப் பருவத்தின் காசு கைக்கு வரும். செம்மணல் மேடான தேரிப் பக்கம் பனை வைத்திருப்பவரின் கணக்கு வேறு. அவருடைய தாத்தா ஊன்றிய விதை இன்றைக்குப் பேரனுக்குப் பதநீர் தருகிறது. ஆக்டிவ் இன்கம், பாசிவ் இன்கம் என்று இப்போது எல்லோரும் பேசுகிற இரண்டும் ஏறக்குறைய இவைதாம். இந்தக் கட்டுரையில் முதலாவதை நேரடி வருமானம் என்றும் இரண்டாவதைத் தொடர் வருமானம் என்றும் குறிப்பிடுகிறேன்.

பனை தானாகப் பதநீர் தருவதில்லை என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவ வேண்டும், கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவ வேண்டும். சீவாமல் விட்ட பாளை உலர்ந்துவிடும். தூங்கும்போதும் வலைப்பதிவு சம்பாதித்துத் தரும் என்று சொல்பவர்கள் இந்த ஏறி இறங்கும் வேலையைச் சொல்வதில்லை. பாளையங்கோட்டையில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் இருந்து பல ஆண்டுகளாகத் தமிழில் எழுதிவரும் எனக்குத் தெரிந்தவரை, முதல் ஓராண்டு நேரடி வருமானத்தில் காலூன்றி, அதில் மிஞ்சும் நேரத்தைக் கொண்டு தொடர் வருமானத்துக்கு விதை போடுவதுதான் நடக்கக்கூடிய வழி.

முதல் படி: எதை எழுதுவது

காப்பீடு, வங்கிக் கடன், கைப்பேசி ஆகியவற்றைப் பற்றி எழுதினால் விளம்பரக் காசு கூடுதலாகக் கிடைக்கும் என்பது பரவலான அறிவுரை. கிடைக்கும்தான். ஆனால் அந்தத் துறைகளில் சம்பளத்துக்கு ஆள் வைத்து நாளுக்குப் பல பதிவுகள் வெளியிடும் பெரிய தளங்களோடு நீங்கள் தனியாளாக மோத வேண்டியிருக்கும். சென்னையிலோ பெங்களூருவிலோ உட்கார்ந்து ஒருவர் எழுத முடியாததை எழுதுவதே தனியாளுக்குப் பலம்.

அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, வெளியூரில் இருக்கும் உறவினர்கள் உங்களிடம் கேட்கும் கேள்விகளைக் கவனிப்பதாகும். 'குத்தாலத்துல இப்ப தண்ணி விழுதா?', 'அல்வா எத்தன நாள் தாங்கும்?', 'சொதிக்கு மூணாம் பாலு எப்ப ஊத்தணும்?', 'பத்தமடைப் பாய் அசலா போலியான்னு எப்படிப் பாக்க?' ஒவ்வொன்றும் ஒரு பதிவு. தளம் தொடங்கும் முன்பே ஒரு நோட்டில் இத்தகைய 30 கேள்விகளை எழுதிவிடுங்கள். முப்பது வரவில்லை என்றால் அந்தத் துறையில் உங்களுக்கு இன்னும் சரக்கு போதாது. வேறு துறையை யோசிக்கலாம்.

எழுதிய கேள்விகளை இரண்டாகப் பிரியுங்கள். ஆண்டு முழுவதும் கேட்கப்படுபவை ஒரு பக்கம்: தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்யும் சொதி, அல்வா, கருப்பட்டியில் கலப்படம் பார்ப்பது, கிருஷ்ணாபுரம் சிற்பங்களைக் காணப் போகும் வழி. பருவத்தில் மட்டும் கேட்கப்படுபவை மறுபக்கம்: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சீசன், ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டம், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயில், பறவைகள் வரும் மாதங்களில் கூந்தங்குளம். பருவப் பதிவுகளைப் பருவம் தொடங்குவதற்கு ஆறு வாரம் முன்னதாகவே வெளியிட்டுவிட வேண்டும். சாரல் விழத் தொடங்கிய பிறகு குற்றாலப் பதிவு எழுத உட்காருவது, அறுவடை நாளில் நாற்றுப் பாவுவதற்குச் சமம்.

இரண்டாம் படி: தளம் அமைப்பது

இதில் அதிகம் யோசித்து மாதங்களை வீணாக்கியவர்கள் பலர். கூகுளின் பிளாக்கர் முற்றிலும் இலவசம். அதில் சொந்த முகவரியை (டொமைன்) இணைத்துக்கொள்ளலாம். தொடக்கத்துக்கு அது போதும். வேர்ட்பிரஸ் மென்பொருளும் இலவசம்தான், ஆனால் அதை நிறுவ இடவாடகை (ஹோஸ்டிங்) கட்ட வேண்டும், பராமரிப்பும் உங்கள் தலையில் விழும். வருமானம் அந்த வாடகையைத் தாங்கும் நாளில் மாறிக்கொள்ளலாம். சொந்த முகவரிக்கு ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும். முதல் ஆண்டுக்கான தள்ளுபடி விலையைப் பார்த்து ஏமாறாமல், இரண்டாம் ஆண்டு முதல் புதுப்பிக்க எவ்வளவு என்பதைப் பார்த்து வாங்குங்கள். பெயர், போனில் ஒருமுறை சொன்னால் மறுமுனையில் இருப்பவர் பிழையின்றி எழுதிக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும். ழகரம் உள்ள பெயரை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கொள்கை இருப்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. பிளாக்கரில் தலைப்பைத் தமிழில் இட்டு அப்படியே வெளியிட்டால், அந்தப் பதிவின் முகவரி உங்கள் தலைப்பைக் காட்டாது. வெறும் 'பிளாக் போஸ்ட்' என்பதும் அதன் பின்னால் ஓர் எண்ணும்தான் ஆங்கில எழுத்தில் நிற்கும். என்னுடைய முதல் நாற்பது பதிவுகளும் அப்படித்தான் வெளியாயின. எது அல்வா, எது அருவி என்று எனக்கே முகவரியைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. வேர்ட்பிரஸில் சிக்கல் நேர்மாறானது: தமிழ்த் தலைப்பே முகவரியாகிவிடும், அதை வாட்ஸாப்பில் அனுப்பினால் விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக நான்கு வரிக்கு நீளும், அதைத் தொடவே மக்கள் தயங்குவார்கள். இரண்டுக்கும் ஒரே மருந்துதான்: வெளியிடும் முன் நிலைமுகவரி (பெர்மாலிங்க்) என்ற கட்டத்தைத் திறந்து, ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொற்களை நீங்களே இட்டுவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் ஏற்கெனவே பகிரப்பட்ட இணைப்புகள் அறுந்துபோகக்கூடும்.

உங்களைப் பற்றி, தொடர்புக்கு, தனியுரிமைக் கொள்கை ஆகிய மூன்று பக்கங்களையும் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். பின்னால் விளம்பரத்துக்கு விண்ணப்பிக்கும்போது இவை பார்க்கப்படும். அதைவிட முக்கியமாக, உங்களுக்கு வேலை தர நினைப்பவர் முதலில் திறப்பது இவற்றைத்தான்.

மூன்றாம் படி: பதிவை எழுதும் முறை

பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்வோம். 'பத்தமடைப் பாய் உலகப் புகழ் பெற்றது, புவிசார் குறியீடு பெற்றது' என்று தொடங்கும் பதிவுகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றை எழுதியவர்களில் எத்தனை பேர் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்பது எனக்கு ஐயமே. ஒரு முற்பகல் நேரம் அங்கே செலவிட்டால் வேறு பதிவு கிடைக்கும். கோரையை நீரில் ஊறப்போட்டு, நெடுக்கில் கிழித்து, மெல்லிய இழையாக்குகிறார்கள். பாவு நூல் நெருங்க நெருங்க, இழை மெலிய மெலிய, பாய் துணியின் பதத்துக்கு வருகிறது. சாதாரணப் பாயை ஒருமுறை அழுத்தி மடித்தால் கோரை முறிந்த தடம் தெரியும். பட்டுப் பாய் எனப்படும் மெல்லிழைக் கோரைப் பாய் மடிப்புக்கு இடம்கொடுத்து மீண்டும் விரிகிறது. நெசவு செய்யும் அம்மா பாயின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, 'இங்க பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்' என்கிறார். அந்த ஒரு வாக்கியமும், திருப்பிய பாயின் படம் ஒன்றும், வாங்க நினைப்பவருக்கு ஆயிரம் புகழுரைகளைவிடப் பயன்படும். தேடுபொறியும் நாளடைவில் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்கிறது, ஏனெனில் வந்தவர் உடனே திரும்பிப் போவதில்லை.

கேள்விக்கான விடையை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். அல்வா எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டு வந்தவரை அல்வாவின் வரலாற்றைப் படிக்க வைத்து இழுத்தடிக்கக் கூடாது. இப்போது கூகுளே தேடல் பக்கத்தின் உச்சியில் சுருக்கமான விடையைத் தந்துவிடுவதால், ஒரே வரியில் முடியும் கேள்விகளுக்கு வருகை குறைந்துவருகிறது. ஆகவே விடையைச் சொன்ன கையோடு, இயந்திரத்தால் சொல்ல முடியாத ஒன்றை, அதாவது நீங்கள் செய்து பார்த்து, கெடுத்து, மீண்டும் செய்ததைச் சொல்ல வேண்டும். சம்பா கோதுமையை எவ்வளவு நேரம் ஊறவைத்தேன், அரைத்துப் பிழிந்த பாலை இரவு முழுவதும் வைத்து மேலே தெளிந்த நீரை இறுத்தேனா இல்லையா, இறுக்காதபோது என்ன ஆயிற்று என்பவை உங்கள் அடுக்களையில் மட்டுமே இருக்கும் செய்திகள்.

மூன்று மாதம் கழித்து, கூகுளின் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியைத் திறந்து, வாசகர்கள் எந்தச் சொல்லைத் தட்டி உங்களிடம் வந்தார்கள் என்று பாருங்கள். 'குற்றாலம்' என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள். 'குத்தாலம்', 'குற்றாலம் இன்று', 'ஐந்தருவி குளிக்க அனுமதி' என்று தேடியிருப்பார்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியவர்களும் ஏராளம் இருப்பார்கள். அந்தச் சொற்களைப் பதிவுக்குள் இயல்பாக ஓரிரு இடங்களில் புழங்கவிட்டால் போதும். வரிக்கு வரி திணித்தால் படிப்பவருக்கு அருவருப்பு ஏற்படும்.

படங்கள் உங்கள் கைப்பேசியில் எடுத்தவையாகவே இருக்கட்டும். தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்க 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே கோயில் பதிவுகளுக்கு வெளிமதில், தேர், கோபுரம் ஆகியவற்றின் படங்களைக் கொண்டே சமாளிக்கப் பழகிக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைத்ததை எடுத்துப் போட்டால் உரிமையாளர் முறையிட்டவுடன் பதிவு நீக்கப்படும், சில வேளை விளம்பரக் கணக்கும் கூடவே போகும்.

நான்காம் படி: நேரடி வருமானம்

வலைப்பதிவு உங்கள் கடையின் முன்பலகை. சரக்கு உங்கள் எழுத்துத் திறன். முப்பது நல்ல பதிவுகள் இருந்தால் அவற்றைக் காட்டி வேலை கேட்கலாம். நமது பக்கத்தில் கிடைக்கக்கூடிய வேலைகளை நினைத்துப் பாருங்கள்: பலகாரக் கடைகளுக்கும் கருப்பட்டி வியாபாரிகளுக்கும் இணையப் பக்கம் எழுதித் தருவது, கூகுள் மேப்பில் அவர்களுடைய கடைப் பக்கத்தைச் சீர்செய்து படம் ஏற்றுவது, கல்லிடைக்குறிச்சி அப்பளம் வெளியூருக்கு அனுப்புபவருக்கு உறையில் அச்சிடும் வாசகம் எழுதுவது, ஆங்கிலத்தில் இருக்கும் பயன்பாட்டுக் குறிப்புகளைத் தமிழாக்கம் செய்வது, வெளியூரில் இருந்து வருபவர்களைக் காலை வேளையில் நெல்லையப்பர் கோயில் தெருக்களில் அழைத்துச் சென்று காட்டுவது. இவை எதற்கும் ஆயிரக்கணக்கான வாசகர்கள் தேவையில்லை. சரியான பத்துப் பேர் படித்தால் போதும்.

கூலியைச் சொற்கணக்கில் பேசுவதைவிட வேலைக்கணக்கில் பேசுவது நல்லது. ஒரு பக்கம் எழுதக் கடைக்குப் போய்வரும் நேரம், எழுதும் நேரம், அவர் இரண்டு முறை திருத்தச் சொல்லும் நேரம் ஆகியவற்றைக் கூட்டி, ஒரு மணிக்கு இவ்வளவு என்று மனத்துக்குள் வைத்துக்கொண்டு மொத்தத் தொகையைச் சொல்லுங்கள். பாதியை முன்பணமாக வாங்காமல் தொடங்காதீர்கள். 'நம்ம ஆளுதானே' என்று நான் முன்பணம் கேட்காமல் முடித்துக் கொடுத்த ஒரு வேலைக்கு இன்றுவரை பணம் வரவில்லை. வழியில் பார்த்தால் மட்டும் அன்பாகக் காபி வாங்கித் தருகிறார்.

பணம் வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் பற்றியோ தங்குமிடத்தைப் பற்றியோ எழுதுவது தனி வகை; அதில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சீசன் தொடங்கும் முன் குற்றாலத்தில் தங்கும் விடுதி வைத்திருக்கும் ஒருவர் அழைத்தார்.

"தம்பி, நம்ம லாட்ஜப் பத்தி நல்லா ரெண்டு பத்தி எழுதிருங்க. ரூவா குடுத்திருதேன்."

"எழுதுதேன் அண்ணாச்சி. ஆனா இது விளம்பரம்னு மேலயே போட்டிருவேன்."

"அப்படிப் போட்டா எவன் நம்புவான்?"

"போடாம இருந்து பின்னால தெரிஞ்சா, அதுக்கப்புறம் நான் எழுதுத எதையும் நம்ப மாட்டான் அண்ணாச்சி."

அவர் யோசித்துவிட்டு, பிறகு அழைக்கவில்லை. அந்த ஆண்டு அந்தத் தொகை எனக்குத் தேவையாகத்தான் இருந்தது. ஆயினும் இது என் தனிப்பட்ட கொள்கையோடு நிற்கும் விஷயமில்லை. கட்டணம் பெற்ற பதிவுகளில் அதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் வழிகாட்டுதல் 2021 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கும் பரிந்துரைகளுக்கும் எதிராக 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிமுறைகளை வெளியிட்டது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முதல் மீறலுக்கு அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை விதிக்கப்படலாம். பதிவின் கடைசியில் சிறிய எழுத்தில் போடாமல், தலைப்பை அடுத்து 'கட்டண விளம்பரம்' என்று தமிழில் போடுங்கள். அந்தப் பதிவில் கொடுக்கும் இணைப்புகளுக்குக் கட்டண இணைப்பு என்ற அடையாளத்தை நிரலில் சேர்க்க வேண்டும் என்பது கூகுளின் விதி. மறந்தால் தேடலில் தளத்துக்குச் சறுக்கல் ஏற்படும்.

ஐந்தாம் படி: விளம்பரம்

தளங்களில் விளம்பரம் காட்டி அதில் ஒரு பங்கைத் தளக்காரருக்குத் தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2003-இல் தொடங்கப்பட்டது. தமிழ்த் தளங்களுக்கு அது அதிகாரபூர்வமாகத் திறந்தது 2018-இல்தான். அதற்கு முன் தமிழில் எழுதியவர்கள் பட்ட பாடு தனிக்கதை. இருபது முப்பது சொந்தப் பதிவுகள், மேலே சொன்ன மூன்று பக்கங்கள், கைப்பேசியில் ஒழுங்காகத் தெரியும் வடிவமைப்பு ஆகியவை இருந்தால் விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

வருமானக் கணக்கை ஆசைப்படாமல் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பக்கப் பார்வைக்கு 40 ரூபாய் கிடைப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நாளுக்கு 100 பேர் படிக்கும் ஒரு பதிவுக்கு மாதம் 3,000 பார்வை. அதாவது 120 ரூபாய். அத்தகைய பதிவுகள் இருபது இருந்தால் மாதம் 2,400 ரூபாய். ஆட்சென்ஸ் 100 டாலர் சேர்ந்த பிறகே பணம் அனுப்பும். டாலருக்கு 85 ரூபாய் என்று கொண்டால் 8,500 ரூபாய் சேர மூன்றரை மாதம் ஆகும். இதோடு ஒப்பிட்டால், ஒரு கடைக்குப் பக்கம் எழுதித் தந்து வாங்கும் 1,500 ரூபாய், 37,500 பார்வைகளுக்குச் சமம். முதலாண்டில் நேரடி வேலையில் கவனம் வையுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்தக் கணக்கே காரணம். உங்கள் எண்கள் வேறாக இருக்கும்; ஆனால் கணக்கின் போக்கு பெரிதாக மாறாது.

கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஓர் எண்ணைக் கூகுள் அஞ்சலில் அனுப்பும். அது வந்துசேர வாரக்கணக்கில் ஆகும். நான்கு மாதத்துக்குள் அந்த எண்ணை உள்ளிடாவிட்டால் விளம்பரங்கள் நின்றுவிடும். எனக்கு வந்த முதல் உறை, நான் பழைய கதவு எண்ணைக் கொடுத்திருந்ததால், அடுத்த தெருவில் ஒரு வீட்டுப் பரணில் கல்யாணப் பத்திரிகைகளோடு கிடந்து மூன்று மாதம் கழித்துக் கிடைத்தது. பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள். கிராமம் என்றால் தபால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அவருக்கு உங்களைத் தெரிந்திருந்தால் கதவு எண்ணே தேவைப்படாது.

உங்கள் விளம்பரத்தை நீங்களே சொடுக்குவது, நண்பர்களைச் சொடுக்கச் சொல்வது ஆகிய இரண்டும் கணக்கை நிரந்தரமாக மூடவைக்கும். குடும்ப வாட்ஸாப் குழுவில் 'தம்பிக்கு உதவி பண்ணுங்க' என்று அக்கா நல்லெண்ணத்தில் போடும் செய்தியும் இதில் அடங்கும் என்பதை முன்கூட்டியே வீட்டில் விளக்கிவிடுங்கள்.

ஆறாம் படி: பரிந்துரை இணைப்பு

நீங்கள் கொடுத்த இணைப்பின் வழியாக ஒருவர் பொருள் வாங்கினால் விற்பனையில் ஒரு பங்கு உங்களுக்கு வரும். அமேசானின் திட்டம் இதில் பரவலாக அறியப்பட்டது. அதில் சேர்ந்த 180 நாளுக்குள் தகுதியான மூன்று விற்பனை நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். ஆகவே வருகை ஓரளவு வந்த பிறகு சேர்வதே முறை. வாசகர் இணைப்பைத் தொட்ட 24 மணி நேரத்துக்குள் வேறு பொருளை வாங்கினாலும் பங்கு உண்டு.

எந்தப் பொருளை எங்கே வைப்பது என்பதில் புத்தி வேண்டும். அல்வாப் பதிவில் கடை அல்வாவுக்கு இணைப்புக் கொடுப்பதில் பொருத்தமில்லை. அங்கே வந்தவர் தாமே கிண்ட நினைப்பவர். அடி கனத்த உருளியும் நீளமான மரக்கரண்டியும்தான் அவருக்கு வேண்டும். மெல்லிய பாத்திரத்தில் கிண்டி அடிப்பிடித்த கதையைச் சொல்லி, அந்த வரியிலேயே உருளிக்கு இணைப்புத் தாருங்கள். கூந்தங்குளம் பதிவில் தொலைநோக்கி, குற்றாலப் பதிவில் நனையாத கைப்பேசி உறை. நீங்கள் பயன்படுத்தாத பொருளுக்கு இணைப்புத் தராதீர்கள். விலையை எழுதிவைக்காதீர்கள், அது மறுநாளே மாறிவிடும். இந்த இணைப்பில் எனக்குப் பங்கு உண்டு என்ற ஒரு வரியும் பதிவின் மேலேயே இருக்க வேண்டும்.

ஏழாம் படி: மின்னூல்

ஒரே பொருளைப் பற்றிப் பதினைந்து பதிவுகள் சேர்ந்துவிட்டால் அவற்றை ஒழுங்குபடுத்தி மின்னூலாக்கலாம். அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தமிழ் நூல்களை நாமே வெளியிட முடியும். அங்கே இந்திய விற்பனைக்கு 70 சதவீத உரிமைத்தொகை வேண்டுமானால் கேடிபி செலக்ட் என்ற ஏற்பாட்டில் நூலைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் 35 சதவீதம். அதில் சேர்ந்தால் 90 நாள் ஒப்பந்தக் காலத்தில் அந்த நூலின் உள்ளடக்கம் மின்வடிவில் வேறெங்கும் இருக்கக் கூடாது, உங்கள் சொந்த வலைப்பதிவிலும் கூட. பதிவுகளை அப்படியே தொகுத்துப் போட்டுவிட்டு எச்சரிக்கை மின்னஞ்சல் வந்த பிறகு திகைப்பவர்கள் உண்டு. பதிவுகளை நீக்கினால் தேடல் வருகையும் அதோடு விளம்பரக் காசும் போய்விடும்.

என் தேர்வு வேறு. குற்றாலம், பாபநாசம், மணிமுத்தாறு ஆகியவற்றை இரண்டு நாளில் பார்த்துவரக்கூடிய ஒரு கையேட்டை, பதிவில் இல்லாத பேருந்து விவரம், நடைதூரம், சாப்பாட்டு இடங்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பிடிஎஃப் கோப்பாக்கி, பணம் பெறும் இணைப்பின் மூலம் 49 ரூபாய்க்கு விற்கிறேன். ஒரு குடும்பம் ஐந்தருவிப் பக்கம் ஒரு வேளை பஜ்ஜி தின்பதைவிடக் குறைந்த தொகை, யாரும் யோசிப்பதில்லை. சீசன் மூன்று மாதமும் விற்கும், மற்ற மாதங்களில் உறங்கும்.

எட்டாம் படி: வங்கியும் வரியும்

வெளிநாட்டில் இருந்து பணம் வருவதற்கு வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடு தேவை. சிறிய கிளைகளுக்குத் தனிக் குறியீடு இருக்காது. எந்தக் கிளையின் குறியீட்டைத் தருவது என்று மேலாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதல் தொகை வரும்போது எதற்காக வந்த பணம் என்று கேட்பார்கள். விளம்பரச் சேவைக்கான கட்டணம் என்று சொல்லிப் படிவம் நிரப்ப வேண்டும்.

எல்லா வருமானத்துக்கும் கணக்கு வையுங்கள். ஒரு எக்செல் தாள் போதும். கைக்கு வந்த பணம் மட்டும் வருமானமில்லை. எழுதச் சொல்லி இலவசமாக அனுப்பப்படும் பொருளும் வருமானமே; ஒரே நிறுவனம் ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் தந்தால் அதற்கும் மூலத்தில் வரி பிடிக்கும் விதி 2022 ஜூலையில் வந்தது. சேவை தருபவரின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். நம்மில் பெரும்பாலோருக்கு அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தணிக்கையாளரிடம் தாளைக் காட்டிக் கணக்குத் தாக்கல் செய்துவிடுங்கள்.

ஒன்பதாம் படி: பாளை சீவுதல்

பழைய பதிவுகளைப் புதுப்பிப்பதற்கென்று மாதத்தில் இரண்டு நாளை ஒதுக்குங்கள். அந்த நாள்களில் புதிதாக எதையும் எழுதக் கூடாது. குற்றாலம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருப்பதாக எழுதப்பட்ட பதிவுகள், 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான அன்றே பழையனவாகிவிட்டன. இன்றும் திருத்தாமல் கிடப்பவை நிறைய. சொரிமுத்து அய்யனார் கோயில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால், எத்தனை நாள் தங்கலாம், தனி வாகனம் போகலாமா என்ற விவரத்தை ஒவ்வோர் ஆடிக்கு முன்னும் புதிதாக விசாரித்துத்தான் எழுத வேண்டும். சென்ற ஆண்டுத் தகவலை நம்பி ஒரு குடும்பம் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பப்பட்டால் அது உங்கள் பொறுப்பு.

நான் மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமையைக் குற்றாலப் பதிவுகளுக்கு வைத்திருக்கிறேன். காலையில் தென்காசிப் பேருந்தில் ஏறி, பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் மூன்றுக்கும் போய்வருவேன். தண்ணீர் இல்லாத பாறையைப் படம் எடுப்பதைப் பார்த்து அங்குள்ள கடைக்காரர்கள் சிரிப்பார்கள். வாகனம் நிறுத்தும் கட்டணம், உடைமாற்றும் அறை திறந்திருக்கிறதா, பேருந்து எங்கே நிற்கிறது, எந்தப் பாதையில் வேலை நடக்கிறது என்பவற்றை நோட்டில் குறித்துக்கொண்டு, அன்று இரவே எல்லாப் பதிவுகளிலும் கையேட்டிலும் திருத்தி, திருத்திய தேதியைத் தலைப்புக்குக் கீழே போட்டுவிடுவேன். பேருந்துக் கட்டணமும் மதியச் சாப்பாடும் எக்செல் தாளில் செலவுப் பக்கத்தில் ஏறும். முதல் சாரல் விழுந்த செய்தி வரும் வாரத்தில், கையேட்டுக்கான 49 ரூபாய்கள் ஒவ்வொன்றாகக் கைப்பேசியில் ஒலிக்கத் தொடங்கும்.